எண் விளையாட்டும் எதிராளி மனசும்

(மூன்றாமாண்டு மாணவர், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



1லிருந்து 100க்குள் ஏதாவது ஓர் எண்ணை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். நான் ஏழே ஏழு கேள்வி கேட்பேன். 'ஆமாம்', 'இல்லை' என்று மட்டும் உண்மையாகப் பதில் சொன்னால் போதும். உங்கள் எண்ணைச் சொல்லிவிடுவேன். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. "50க்கு மேலா?" என்பது முதல் கேள்வி. பதில் எதுவானாலும் 100 எண்களில் 50 கழிந்துவிடும். மிச்சத்தை மறுபடி பாதியாக்கினால் 25. பிறகு 13, 7, 4, 2, 1. ஏழாவது கேள்வியில் ஆசாமி சிக்கிவிடுவார்.

இதே வேலையை நம் லேபிலும் செய்கிறோம். எட்டு ஸ்டேஜ் உள்ள ஒரு சர்க்யூட்டில் அவுட்புட் வரவில்லை என்றால், முதல் ஸ்டேஜிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போகிறவர் மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். விஷயம் தெரிந்த மெக்கானிக் நேராக நாலாவது ஸ்டேஜுக்குப் போய் சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் கோளாறு பின்பாதியில், இல்லாவிட்டால் முன்பாதியில். மூன்றே சோதனையில் ஸ்டேஜ் அகப்பட்டுவிடும்.

இந்த இரண்டிலும் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. நீங்கள் நினைத்த எண் என்னைப் பற்றி நினைப்பதில்லை. கெட்டுப்போன டிரான்சிஸ்டர் நம்மை ஏமாற்ற வேண்டும் என்று இடம் மாறி உட்காருவதில்லை. விடை ஏற்கனவே ஓர் இடத்தில் அசையாமல் இருக்கிறது, நாம் போய் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. மூன்று வருஷமும் நாம் படிக்கிற பாடம் பெரும்பாலும் இந்த ஜாதி.

ஆனால் உலகத்தில் இன்னொரு வகைக் கணக்கு உண்டு. அதில் விடை எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. எல்லோரும் சேர்ந்து என்ன நினைக்கிறார்களோ அதிலிருந்துதான் விடையே பிறக்கிறது. இதை எந்தப் பாடத்திலும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. டிப்ளமா கையில் வாங்கி வெளியே போன மறுநாளிலிருந்து நம் தலையில் வந்து விழப்போவது என்னவோ இந்தக் கணக்குதான். ஆகவே இந்தக் கட்டுரை.

ஒத்தையா? ரெட்டையா?

முதலில் நமக்குத் தெரிந்த விளையாட்டிலிருந்து தொடங்குவோம். புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு "ஒத்தையா? ரெட்டையா?" என்று கேட்டு விளையாடாத பிள்ளைகள் நம் ஊர்ப்பக்கம் குறைவு. சரியாகச் சொன்னால் கொட்டை உனக்கு, தப்பாகச் சொன்னால் நீ கொடுக்க வேண்டும்.

பார்த்தால் குருட்டு அதிர்ஷ்டம் மாதிரி தெரியும். ஆனால் நாலு ஆட்டம் போனதும் மனசுக்குள் என்ன ஓடும்? 'போன தடவை ரெட்டை வெச்சான், அதனால இப்ப ஒத்தை வைப்பான். ஆனா நான் இப்படி நினைப்பேன்னு அவனுக்குத் தெரியுமே? அப்ப மறுபடியும் ரெட்டைதான் வைப்பான். அதையும் நான் யோசிப்பேன்னு அவன் யோசிச்சிருந்தா..?' இப்படியே போனால் முடிவே கிடையாது.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1844இல் எழுதிய 'தி பர்லாயின்ட் லெட்டர்' என்ற துப்பறியும் கதையில் இதே ஆட்டம் வருகிறது, புளியங்கொட்டைக்குப் பதில் கோலிக்குண்டு. அதில் ஒரு சிறுவன் பள்ளிக்கூடத்துக் குண்டுகளையெல்லாம் ஜெயித்துவிடுகிறான். அவனுடைய சூட்சுமம், எதிராளி எவ்வளவு தூரம் யோசிக்கக்கூடியவன் என்று எடைபோடுவது. மந்தமானவன் என்றால் அடுத்த தடவை வெறுமனே மாற்றி வைப்பான். கொஞ்சம் சூட்டிகையானவன் என்றால் 'மாற்றி வைப்பேன் என்று எதிர்பார்ப்பான்' என்று எண்ணி மாற்றாமலே வைப்பான். ஆளுக்குத் தகுந்தபடி நாம் ஒரே ஒரு படி மேலே நின்றால் போதும்.

சரி, எதிராளியும் அதே அளவு கெட்டிக்காரன் என்றால்? அதற்கு ஜான் வான் நாய்மன் என்ற கணித மேதை 1928இல் ஒரு தேற்றத்தை நிரூபித்தார். இந்த மாதிரி ஆட்டங்களில் தோற்காமல் இருக்கச் சிறந்த வழி, எந்த ஒழுங்கும் இல்லாமல் வைப்பது. காசைச் சுண்டிப் பார்த்து, பூ விழுந்தால் ஒத்தை, தலை விழுந்தால் ரெட்டை என்று வைத்துவிட்டால் எந்தக் கொம்பனாலும் நம் மனசைப் படிக்க முடியாது. படிக்க அங்கே ஒன்றும் இருக்காதே!

ஆனால் மனுஷ மூளைக்கு ஒழுங்கில்லாமல் இருக்கத் தெரியாது. இதை நிரூபித்தது யார் தெரியுமா? நம் துறைக்காரர்கள்தான்! அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டேவிட் ஹேகல்பார்கர் என்பவர் 1950களின் தொடக்கத்தில் ரிலேக்களை வைத்து ஓர் இயந்திரம் செய்தார். மனிதரோடு ஒத்தை-ரெட்டை ஆடும். அவர் ஜெயித்த பிறகு மாற்றுகிறாரா, தோற்ற பிறகு மாற்றுகிறாரா என்று நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததை ஊகிக்கும். மொத்தம் 9,795 ஆட்டங்களில் 5,218ஐ இயந்திரம் ஜெயித்தது. நூற்றுக்கு 53தானே என்று எண்ணாதீர்கள். குருட்டாம்போக்கில் இவ்வளவு வித்தியாசம் வரவே வராது. தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானனும் அதே ஆய்வுக்கூடத்தில் இன்னும் எளிமையான ஓர் இயந்திரம் செய்தார். அதற்கு வெறும் எட்டு நிலைமைகளைத்தான் நினைவு வைக்கத் தெரியும். இரண்டு இயந்திரங்களையும் மோதவிட்டபோது ஷானனின் சின்ன இயந்திரமே ஜெயித்தது!

அப்படியென்றால், நம் அடுத்த நகர்வை ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. எட்டு நிலைமைகளின் நினைவே போதும் என்கிற அளவுக்கு நாமெல்லாம் ஒரே தடத்தில் யோசிக்கிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு வாருங்கள்.

மூன்றில் இரண்டு பங்கு

1981இல் பிரான்ஸ் நாட்டில் 'ழூ எ ஸ்த்ராத்தெழி' என்ற விளையாட்டுப் பத்திரிகைக்கு ஒரு சங்கடம் வந்தது. அதன் புதிர்ப் போட்டியில் சுமார் 4,000 வாசகர்கள் ஒரே மதிப்பெண் பெற்றுவிட்டார்கள். வெற்றியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது? அலேன் லெதூ என்பவர் ஒரு யுக்தி செய்தார். "1லிருந்து 100 கோடிக்குள் ஒரு முழு எண்ணை எழுதி அனுப்புங்கள். எல்லோருடைய எண்களின் சராசரியைக் கண்டு, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு யார் எண் மிகவும் பக்கத்தில் இருக்கிறதோ அவருக்கே பரிசு" என்றார்.

நமக்கு 100 கோடி வேண்டாம். 0லிருந்து 100 வரை வைத்துக்கொள்வோம். ஹாஸ்டலில் இந்த ஆட்டம் ஆடினால் பேச்சு இப்படித்தான் போகும்:

"மச்சி, நீ என்னடா எழுதப் போற?"

"50. நடுவுல இருக்கு, அவ்ளோதான்."

"மக்கு! எல்லாரும் சும்மா வாய்க்கு வந்ததை எழுதினா சராசரி 50 வரும். அதுல மூணுல ரெண்டு பங்கு 33. நான் 33 எழுதுறேன்."

"நீ யோசிச்ச மாதிரி எல்லாரும் யோசிச்சா? எல்லாரும் 33 எழுதுவாங்க. அப்ப 22 தானே ஜெயிக்கும்?"

"அதையும் எல்லாரும் யோசிச்சா 15..."

"அப்புறம் 10, அப்புறம் 7... டேய், இது எங்கடா போய் நிக்கும்?"

பூஜ்யத்தில் போய் நிற்கும்! இதையே கொஞ்சம் கறாராகச் சொல்லலாம். எல்லோரும் 100 எழுதினால்கூட மூன்றில் இரண்டு பங்கு 66.67தான். ஆகவே 67க்கு மேல் எழுதுவது வீண், அதை யாரும் எழுத மாட்டார்கள். யாருமே 67க்கு மேல் எழுதாவிட்டால் 45க்கு மேல் எழுதுவதும் வீண். அதுவும் போனால் 30க்கு மேல் வீண். இப்படி வெட்டிக்கொண்டே வந்தால் மிஞ்சுவது 0 மட்டும். எல்லோரும் 0 எழுதினால் சராசரி 0, அதில் மூன்றில் இரண்டு பங்கும் 0. அங்கிருந்து தனியாக விலகி யாருக்கும் லாபம் இல்லை. இந்த மாதிரி நிலைக்குச் 'சமநிலை' என்று பெயர். 1950இல் இதை வரையறுத்த ஜான் நேஷுக்கு 1994இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

கணக்கு முடிந்தது, விடை 0, அடிக்கோடு போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள். நிஜமான ஆட்கள் ஆடியபோது என்ன நடந்தது என்று பார்ப்போம்.

காகிதத்தில் பூஜ்யம், களத்தில்?

ரோஸ்மேரி நாகல் என்ற பெண் ஆய்வாளர் ஜெர்மனியில் பான் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து இந்த ஆட்டத்தை நடத்தி, 1995இல் முடிவை வெளியிட்டார். முதல் சுற்றின் சராசரி 36.73. அப்படியானால் ஜெயிக்கிற இடம் 24.5 பக்கம். யாரும் 0 எழுதவில்லை. 33க்கு அருகிலும் 22க்கு அருகிலும் கூட்டம் குவிந்திருந்தது. மேலே ஹாஸ்டல் பையன்கள் பேசினார்களே, அதன் முதல் படியும் இரண்டாம் படியும்!

1997இல் லண்டனின் 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' நாளிதழில் ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார அறிஞர் இதையே வாசகர் போட்டியாக வைத்தார். பரிசு, லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கு இரண்டு விமான டிக்கெட். பரிசும் பெரிசு, வாசகர்களும் பங்குச் சந்தையில் புழங்குகிறவர்கள், யோசிக்க நேரமும் இருந்தது. சராசரி 18.91க்கு இறங்கிவிட்டது. ஜெயித்த எண் 13.

2005இல் டென்மார்க்கின் 'பொலிட்டிகன்' நாளிதழ் பொதுமக்களை அழைத்தது. 19,196 பேர் கலந்துகொண்டார்கள். பரிசு 5,000 குரோனர். ஜெயித்த எண் 21.6.

சேர்த்துப் பாருங்கள். பான் மாணவர்களுக்கு 24.5 பக்கம், லண்டன் பத்திரிகைக்கு 13, டென்மார்க் மக்களுக்கு 21.6. ஒரே விதி, ஒரே கணக்கு, ஆனால் ஜெயிக்கும் எண் வேறு வேறு. விதி மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள். கோலின் கேமரர் முதலிய மூவர் 2004இல் இப்படிப்பட்ட பல ஆட்டங்களின் முடிவுகளை அலசி, மனிதர்கள் சராசரியாக ஒன்றரைப் படிதான் ஏறுகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். சிலர் ஏறுவதே இல்லை. நிறையப் பேர் ஒரு படி, இரண்டு படி. அதற்கு மேல் போகிறவர்கள் கொஞ்சம் பேர்.

கெட்டிக்காரன் தோற்கும் கணக்கு

இப்போது ஒரு வேடிக்கை. 60 பேர் வகுப்பில் 59 பேருடைய சராசரி 36 என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் புலியான ஒருவர் 'சரியான விடை 0' என்று தீர்மானித்து 0 எழுதுகிறார். மொத்த சராசரி 35.4. மூன்றில் இரண்டு பங்கு 23.6. நம் புலி இலக்கிலிருந்து 23.6 தூரத்தில் நிற்கிறார். யோசிக்காமல் 36 எழுதிய ஆசாமியோ 12.4 தூரத்தில்தான் நிற்கிறார்! ரொம்ப யோசித்தவர், யோசிக்காதவரிடம் தோற்றுப்போனார்.

ஏன்? அவர் கணக்கில் தப்பு இல்லை. ஆனால் 'எல்லோரும் என்னைப் போலவே கடைசி வரை யோசிப்பார்கள்' என்று ஒரு வரியைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டார். அந்த வரிதான் பொய். 50 எழுதியவர் மற்றவர்களைப் பற்றி நினைக்கவே இல்லை. 0 எழுதியவர் மற்றவர்களைத் தன்னுடைய கண்ணாடிப் பிம்பம் என்று நினைத்தார். இரண்டு பேரும் பக்கத்து பெஞ்சை ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்பதில் ஒன்றுதான்.

அப்படியானால் வகுப்பில் கலாட்டாவுக்கென்றே 100 எழுதுகிற கடைசி பெஞ்ச் மன்னர்கள்? அவர்களும் கணக்கில் உண்டு. 36 எழுதியிருக்க வேண்டிய ஐந்து பேர் 100 எழுதினால் சராசரி 36லிருந்து 41.3க்கு ஏறும், ஜெயிக்கும் எண் 24லிருந்து 27.6க்குப் போகும். கூட இருப்பவர்களின் குறும்பையும் சேர்த்து எடைபோடுகிறவரே பரிசைத் தட்டுகிறார்.

ஆனால் 0 எப்போதும் தப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். இரண்டே பேர் ஆடினால் நிலைமை தலைகீழ். நீங்கள் 20, நண்பர் 60 என்றால் சராசரி 40, இலக்கு 26.7. ஜெயிப்பது நீங்கள். நீங்கள் 20, நண்பர் 21 என்றாலும் இலக்கு 13.7. அப்போதும் சின்ன எண்தான் பக்கம். எந்த இரண்டு எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் சின்னதே ஜெயிக்கும். ஆகவே இருவர் ஆட்டத்தில் 0 எழுதியவர் தோற்கவே மாட்டார், எதிராளி மனசைப் பற்றிக் கவலையே தேவையில்லை. இவ்வளவு எளிய விஷயம்! ஆனால் க்ரோஸ்கோஃப், நாகல் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் 0 எழுதவில்லை. இதே துறை நிபுணர்களில்கூடப் பாதிக்கு மேல் எழுதவில்லை. எதிராளி மனசைப் படிக்க வேண்டிய இடம் எது, படிக்கத் தேவையில்லாத இடம் எது என்று பிரித்தறிவதும் ஒரு வித்தைதான் போலும்!

இன்னொரு சங்கதி. பான் மாணவர்களை நாகல் நான்கு சுற்று ஆடவிட்டார். ஒவ்வொரு சுற்றின் முடிவையும் சொன்ன பிறகு எண்கள் மளமளவென்று இறங்கின. யாரும் சமன்பாடு போட்டு இறங்கவில்லை. போன தடவை என்ன ஜெயித்தது என்று பார்த்து, அதற்குக் கொஞ்சம் கீழே எழுதினார்கள். அனுபவம் என்பது மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது. அது ஒரே நாளில் வராது.

அழகிப் போட்டியும் ஈமு கோழியும்

இதெல்லாம் பொழுதுபோக்கு, இதனால் சோறு கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்கும், சில சமயம் பறிபோகவும் செய்யும்.

ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார மேதை 1936இல் வெளியிட்ட நூலில், பங்குச் சந்தையை அந்நாளைய பத்திரிகைப் போட்டி ஒன்றோடு ஒப்பிட்டார். நூறு முகங்களின் புகைப்படம் போட்டு, மிக அழகான ஆறைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். போட்டியாளர்கள் எல்லோருடைய பொதுவான தேர்வுக்கு யாருடைய தேர்வு நெருக்கமோ அவருக்குப் பரிசு. இதில் எனக்கு யார் அழகு என்பது பயன்படாது. மற்றவர்களுக்கு யார் அழகு என்பதும் போதாது. மற்றவர்கள், மற்றவர்களுக்கு யார் அழகு என்று நினைப்பார்கள் என்பதே கேள்வி. சந்தையில் பங்கு வாங்குகிறவர்களும் கம்பெனி நல்லதா என்று பார்க்காமல், அடுத்தவன் அதை நல்லது என்று நினைத்து அதிக விலைக்கு வாங்குவானா என்றே பார்க்கிறார்கள் என்றார் கெய்ன்ஸ்.

நியூட்டன் தெரியும் அல்லவா? மூன்று விதிகள் தந்த அதே நியூட்டன்தான். 1720இல் இங்கிலாந்தில் 'சவுத் ஸீ கம்பெனி' பங்குகள் ஏறியபோது அவர் வாங்கி, நல்ல லாபத்தில் விற்றுவிட்டார். ஆனால் விலை மேலும் ஏறுவதைப் பார்த்து மனசு கேட்காமல் மறுபடி உச்சி விலையில் வாங்கினார். சரிவில் பெரும் பணம் போயிற்று. கிரகங்களின் பாதையைக் கணித்தவருக்கே கூட்டத்தின் பாதை பிடிபடவில்லை. கிரகங்கள் நியூட்டனைப் பற்றி யோசிப்பதில்லை, கூட்டமோ ஒருவரையொருவர் பார்த்துத்தான் நடக்கிறது.

லண்டன் வரை போவானேன்? நம் ஈரோடு மாவட்டம் பெருந்துறையை ஒட்டி ஈமு கோழித் திட்டங்கள் கொடிகட்டிப் பறந்தன. பணம் கட்டினால் குஞ்சு தருவார்கள், வளர்க்க மாதாமாதம் தொகையும் தருவார்கள். ஈமு கறியை நம் ஊரில் எத்தனை பேர் வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. 'பக்கத்துத் தோட்டத்துக்காரர் கட்டியிருக்கிறார், அவருக்கு மாசாமாசம் பணம் வருது' என்பதே சாட்சி. புதிதாகச் சேருகிறவர்கள் குறைந்ததும் 2012இல் எல்லாம் சரிந்தது. நகையை அடகு வைத்தவர்கள், நிலத்தை விற்றவர்கள் எல்லாம் காவல் நிலைய வாசலில் நின்றார்கள். அதற்கு முன்பே, 1990களில் நிதி நிறுவனங்கள் மூழ்கியபோது, முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டம் வந்து பதினைந்து வருஷம் கழித்துத்தான் ஈமு சரிந்தது என்பதைக் கவனியுங்கள்.

பணம் கட்டியவர்கள் எல்லோரும் ஏமாளிகள் அல்ல. 'இது ரொம்ப நாள் ஓடாது, ஆனால் எனக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வருவார்கள், அதற்குள் எடுத்துவிடலாம்' என்று கணக்குப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களும் ஒரு படி ஏறியவர்கள்தான். ஆனால் அதே படியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

தக்காளியும் டிப்ளமாவும்

கடைசியாக நம் சொந்த விஷயம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. வீட்டில் ரசமே தண்ணீர் ரசமாகிவிட்டது. அந்த விலையைப் பார்த்தவர்கள் பலரும் தக்காளி நட்டார்கள். நாற்று நட்டு அறுவடைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். செப்டம்பரில் எல்லோருடைய தக்காளியும் ஒரே நேரத்தில் மார்க்கெட்டுக்கு வந்தது. விலை சில ரூபாய்க்குச் சரிந்து, பறிகூலிகூடக் கட்டாமல் தெருவில் கொட்டினார்கள். இப்படி ஏறுவதும் இறங்குவதுமாகச் சுழலுகிற விலையை வரைபடமாகப் போட்டால் சிலந்தி வலை போலவே இருக்கும். நிக்கோலஸ் கால்டார் 1934இல் இதற்குச் 'சிலந்திவலைத் தேற்றம்' என்றே பெயர் வைத்தார்.

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற அமெரிக்க அறிஞர் 1976இல் ஒரு கட்டுரை எழுதினார். தக்காளி இருந்த இடத்தில் அவர் வைத்தது இன்ஜினீயர்களை! ஒரு வருஷம் இன்ஜினீயர்களுக்குச் சம்பளம் ஏறினால் மாணவர்கள் கூட்டமாகச் சேருகிறார்கள். நாலு வருஷம் கழித்து எல்லோரும் ஒன்றாக வெளியே வருகிறார்கள். சம்பளம் இறங்குகிறது. அதைப் பார்த்து அடுத்த செட் சேரத் தயங்குகிறது. நாலு வருஷம் கழித்து ஆள் பற்றாக்குறை, மறுபடி சம்பள ஏற்றம். நாற்றுக்கு இரண்டு மாதம், பட்டத்துக்கு நாலு வருஷம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்கு மூன்று வருஷம். அட்மிஷன் சமயத்தில் மாமாவும் சித்தப்பாவும் "இப்ப இதுக்குத்தான்டா மார்க்கெட்" என்று சொல்லிச் சேர்த்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது இன்றைய விலை. நாம் சரக்கை இறக்கப்போவது மூன்று வருஷம் கழித்து. அதே வாக்கியத்தை அதே ஜூன் மாதத்தில் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார்கள்? 1990களின் கடைசியில் கம்ப்யூட்டர் படிப்புக்கு அலைமோதிச் சேர்ந்தவர்களில் பலர் வெளியே வந்தது, 2001இல் அமெரிக்க டாட்காம் கம்பெனிகள் சரிந்திருந்த நேரத்தில். அவர்கள் மட்டமாகப் படித்ததால் வேலை தள்ளிப்போகவில்லை. ஒரே பஸ்ஸில் எல்லோரும் ஏறிய கதைதான்.

அதற்காகக் கூட்டம் போகிற திசைக்கு நேர் எதிரே ஓடுவது புத்திசாலித்தனம் என்று அர்த்தமில்லை. அது 0 எழுதிய புலியின் வழி. எதையாவது தீர்மானிக்கும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் போதும் என்று தோன்றுகிறது.

ஒன்று: இது நல்லது என்று சொல்வது, அந்தப் பொருளுக்கே உபயோகம் இருப்பதாலா, இல்லை மற்றவர்கள் நல்லது என்று நினைப்பதாலா? ஈமு கோழிக்கு இந்த ஒரு கேள்வியே போதுமாயிருந்தது.

இரண்டு: நான் பார்த்த இதே செய்தியை இதே நாளில் வேறு எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? அவர்கள் என்ன செய்வார்கள்?

மூன்று: இன்று எடுக்கும் முடிவுக்குப் பலன் வர எத்தனை நாள் ஆகும்? இடைவெளி நீள நீள, இன்றைய விலையை நம்புவது ஆபத்து.

எந்தப் பிரிவில் சேர்ந்தோம் என்பது ஏற்கனவே முடிந்த கதை. ஆனால் அதற்குள் என்ன கற்றுக்கொள்கிறோம் என்பது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. டிராயிங்கைப் பார்த்து வேலையைப் புரிந்துகொள்வது, பழுதைப் பாதி பாதியாக வெட்டிக் கண்டுபிடிப்பது, அளவு தப்பாமல் வேலை முடிப்பது, இவற்றுக்கு எந்த வருஷமும் யாராவது காசு கொடுப்பார்கள். கூட்டத்தின் மனசு எப்படி மாறினாலும் முழுசாகச் செல்லாமல் போகாத சரக்கு அது. இதைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு ஊக ஆட்டம் ஆடுகிறவர், தோற்றாலும் தெருவுக்கு வரமாட்டார்.

நீங்களும் ஆடிப் பாருங்கள்

வகுப்பில் ஆசிரியர் வராத ஒரு பீரியடில் துண்டுச்சீட்டு கொடுத்து, 0லிருந்து 100க்குள் ஆளுக்கொரு எண்ணை ரகசியமாக எழுதச் சொல்லுங்கள். கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை 2ஆல் பெருக்கி 3ஆல் வகுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் கேன்டீனில் ஒரு டீயும் வடையும். உடனே இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்றும் ஆடுங்கள். எண்கள் எப்படி இறங்குகின்றன என்று போர்டில் வரைந்து பாருங்கள். அடுத்த நாள் மூன்றில் இரண்டுக்குப் பதிலாக மூன்றில் நாலு பங்கு என்று விதியை மாற்றி ஆடிப் பாருங்கள். எண்கள் எந்தப் பக்கம் ஓடும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறதா?

முதல் சுற்றில் ஜெயித்த எண்ணை மட்டும் துறை நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் நம் ஜூனியர்கள் ஆடும்போது அதைப் பார்த்துவிட்டு, அதைவிடக் கொஞ்சம் கீழேதான் எழுதுவார்கள். எவ்வளவு கீழே என்பதைப் பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்!